வாலைக் காட்டி விற்ற கதை

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் வீட்டுக்காரர் முதலில் பார்த்தது என்னை அல்ல. என் தம்பி போட்டிருந்த டீ சர்ட்டைப் பார்த்தார். காபி கொடுக்கப் போனவனின் சட்டை ஓரத்தை லேசாகத் திருப்பி, உள்தையல் எப்படி இருக்கிறது என்று நோட்டம் விட்டார். கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காங்கேயத்தில் தேங்காய்க் களத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவள் நான். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மைத்துனனாகப் போகிறவனின் பனியனைத் திருப்பிப் பார்ப்பவரை அன்றுதான் பார்த்தேன்.

திருப்பூருக்கு வந்த பிறகு புரிந்தது, இங்கே எல்லோரும் அப்படித்தான். கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் சட்டை மடிப்பைக்கூடத் திருப்பிப் பார்ப்பார்கள். துணிக்கு முகம் உள்பக்கம்தான் என்பது இந்த ஊரின் நம்பிக்கை. எங்கள் கடையை முதலில் கிட்டத்தட்டக் கவிழ்த்ததும் அந்த நம்பிக்கைதான்.

திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சல் என்ற ஊரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு கொட்டகை இருக்கிறது. அதில் நாலு தையல் மெஷின், ஒரு நீளமான கட்டிங் டேபிள், ஒரு டீ பிளாஸ்க். அவ்வளவுதான் எங்கள் கம்பெனி. என் வீட்டுக்காரர் வெட்டுவார், தைப்பார். தென்பக்கத்திலிருந்து வந்த ஒரு இளம் தம்பதி எங்களோடு வேலை பார்க்கிறார்கள். அவன் டெய்லர். அவள் நூல் பிசிர் வெட்டி, மடித்து, கவரில் போடுவாள். நாள் தவறினாலும் சண்டை தவறாத ஜோடி. அவர்களின் பிள்ளை அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது.

வடக்கே ஒரு கடைக்காரர் குழந்தைகளுக்கான முழு உடுப்பு கேட்டிருந்தார். முன்பக்கம் ஏதாவது ஒரு மிருகத்தின் முகம், பின்பக்கம் அதன் வால். கன்றுக்குட்டி, அணில், குரங்கு, பூனை என்று விதவிதமாக அச்சடித்து, தைத்து, பெட்டி கட்டும் நேரத்தில் போன் வந்தது. கடையை மூடுகிறாராம், சரக்கு வேண்டாமாம். பெட்டிகள் எல்லாம் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்தன. டி.வி. தெரியவில்லை. விருந்தாளி வந்தால் பெட்டிமேல்தான் உட்கார வைத்தோம்.

அடுத்த ஆர்டரும் வரவில்லை. மெஷின்கள் பாதி நாள் சும்மா கிடந்தன. அப்போதுதான் பழைய மெஷின் வாங்கி விற்கும் பெரியவர் ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் கண்ணாடி, அதிராத பேச்சு. அவர் வந்தபோது ஒரு மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மற்ற மூன்றையும் தொட்டுத் தடவிப் பார்த்தவர் அதன் பக்கம் மட்டும் போகவில்லை.

"அது நிக்கட்டுமுங்க. ஓடற மெஷின்ல நான் கை வெக்கறதில்லீங்க. எங்கப்பன் காலத்துப் பழக்கமுங்க" என்று சொல்லிவிட்டு, டீயை வாங்கிக்கொண்டு காத்திருந்தார்.

அது நின்ற பிறகு அதையும் பார்த்தார். நாலையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். "தீபாவளி கழிஞ்சு வண்டி கொண்டாங்க" என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். எழுத்து கிடையாது, அட்வான்ஸ் கிடையாது. ஆனால் எங்கள் பக்கத்தில் வாய் திறந்து சொல்லிவிட்டால் பத்திரத்தில் எழுதிய மாதிரிதான்.

பெரியவர் தெரு முனை தாண்டியதும் நான் பிடித்துக்கொண்டேன். "ஏனுங்க, என்றகிட்ட ஒரு வார்த்தை கேக்கோணும்னு தோணுலயா?"

"கேட்டா நீ சண்டை புடிப்பேன்னு தெரியும் புள்ள."

"அப்ப நான் இந்தப் பெட்டி அத்தனையும் வித்து, புது வேலையும் கொண்டாந்துட்டா?"

"கொண்டா, சந்தோசம். ஆனா வாக்குக் குடுத்தாச்சு. அவராப் பாத்து வேண்டாம்னு சொன்னாத்தான் உண்டு."

இந்த மனுசரோடு வாதாடுவதும் செவுத்தில் முட்டிக்கொள்வதும் ஒன்றுதான். நான் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். இலவசமாகக் கடை திறந்து தருகிறோம் என்ற ஒரு இணையதளத்தில் அன்றே எங்களுக்கு ஒரு கடை திறந்தேன். ஷட்டர் இல்லை, கல்லா இல்லை, சாம்பிராணி போட இடமும் இல்லை. கடை திறந்தால் மட்டும் போதுமா? அது இருக்கிறது என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டுமே. ஊரே படம் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிற அந்த ஆப்பில் எங்களுக்கும் ஒரு பக்கம் ஆரம்பித்தேன். படம் போட்டால் கீழே ஒரு நீலப் பட்டன் வரும். காசு கட்டினால் இன்னும் நிறையப் பேருக்குக் காட்டுகிறேன் என்று அது கேட்கும். ஒவ்வொரு முறையும் கேட்கும். சந்தைக்கடையில் கையைப் பிடித்து இழுக்கிறவன்கூட இரண்டாம் முறை விட்டுவிடுவான். அந்தப் பட்டனைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு பைசா கொடுப்பதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

முதல் படங்களை எடுத்தவர் என் வீட்டுக்காரர். துணியைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று அவரே பொறுப்பை எடுத்துக்கொண்டார். டியூப்லைட்டுக்குக் கீழே, கட்டிங் டேபிள்மேல், உடுப்புகளை வரிசையாக வைத்து அவர் எடுத்த படங்களை நானும் பார்க்காமல் போட்டுவிட்டேன். அத்தனையும் உள்பக்கம் வெளியே திருப்பியவை. பக்கத்தில் அளவு டேப் வேறு.

"உள்தையலைக் காட்டுனாத்தான புள்ள நம்பி வாங்குவாங்க?" என்றார்.

பதில்கள் வந்தன. ஒரு அம்மா, "துவைச்சுக் காயப் போட்டதையா விக்கறீங்க?" என்று கேட்டிருந்தார். இன்னொருவர், "பழசு வேண்டாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பாராட்டும் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். "ஓவர்லாக் அருமை", "என்ன நூல் போட்டீங்க?", "ஜாப் ஒர்க் எடுப்பீங்களா?" அத்தனையும் திருப்பூர்க்காரர்கள். ஊரில் கம்பெனிகளில் துணியில் குறை பார்க்கும் செக்கிங் ஆட்கள் எல்லாம் எங்கள் பக்கத்துக்கு வந்து தையலை ரசித்துவிட்டுப் போனார்கள். ஒரு உடுப்பும் போகவில்லை. இவருக்கோ பெருமை பிடிபடவில்லை. "பாத்தியா, விசயம் தெரிஞ்சவங்க பாக்கறாங்க" என்று டீ குடிக்கும்போதெல்லாம் படித்துக் காட்டினார். எனக்கு அந்த டீயை அவர் தலையில் ஊற்றலாம் போல இருந்தது.

குழந்தை உடுப்பைக் குழந்தைக்குப் போட்டுத்தான் காட்ட வேண்டும். எங்கள் பையன் காலேஜ் போகிறான், அந்த உடுப்புக்குள் அவன் ஒரு காதைக்கூட நுழைக்க முடியாது. கண் முன்னால் ஒரு பிள்ளை தவழ்ந்துகொண்டிருக்கிறதே என்று அதன் அம்மாவிடம் கேட்டேன். அவள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

"யக்கா, எம்பிள்ள மொகத்த ஊரு ஒலகமெல்லாம் பாக்கவா? கண்ணு பட்டுரும்க்கா. போன வாரம் பஸ்ல ஒருத்தி, பிள்ள கொழுகொழுன்னு இருக்குன்னு சொல்லிட்டுப் போனா. ரெண்டு நாளு வயித்தால போச்சு."

அவள் வீட்டில் மாதா படம் உண்டு, ஞாயிற்றுக்கிழமை கோயில் உண்டு. கண்ணேறு என்று வந்துவிட்டால் மாதாவோடு மையும் சேர்ந்துகொள்ளும். அந்தப் பிள்ளையின் கன்னத்துப் பொட்டு எட்டணா அகலத்துக்கு இருக்கும். தெருவில் மற்ற தாய்மாரிடமும் கேட்டுப் பார்த்தேன். கவுண்டர் வீடு, தெக்கத்தி வீடு என்ற பேதமில்லாமல் எல்லோரும் பிள்ளையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்கள். கடைசியில் டெய்லர் பெண்டாட்டியிடமே வந்து எரிச்சலில் கத்திவிட்டேன்.

"மொகத்தை ஆரு கண்ணு கேட்டா? முதுகையாச்சும் குடு!"

கோபத்தில் சொன்னது. அவள் அதை நிஜமாகவே யோசித்தாள். பிள்ளையைத் திருப்பிப் பார்த்தாள். புருசனைப் பார்த்தாள். அவன் தோளைக் குலுக்கினான்.

"முதுகுன்னா சரிக்கா" என்றாள்.

காலை வெயில் கொட்டகை வாசலில் சாய்வாக விழும் நேரம். கட்டிங் டேபிளை வாசலுக்கு இழுத்துப் போட்டு, வெள்ளைத் துணி விரித்தோம். கன்றுக்குட்டி உடுப்பைப் பிள்ளைக்கு மாட்டினோம். ஒரு பக்கம் டெய்லர், இன்னொரு பக்கம் என் வீட்டுக்காரர், விழாமல் பிடிக்க. நான் போனோடு இந்தக் கோடியில். பிள்ளையை விடப்போகும் நேரத்தில் அவள், "இருங்கக்கா" என்று ஓடிப்போய் மைச்சிமிழை எடுத்து வந்தாள். பிள்ளையின் இரண்டு உள்ளங்காலிலும் பெரிய பெரிய பொட்டாக வைத்தாள்.

"அங்க எதுக்கு?" என்றேன்.

"கேமரா எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கந்தானக்கா பொட்டு வைக்கணும்?"

நான் போனைத் தூக்கிப் பிடித்தேன்.

எதிர்க்கோடியில் நின்று அவள் ஒரு மஞ்சள் நூல்கண்டை ஆட்ட, பிள்ளை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் விறுவிறுவென்று தவழ்ந்து போனது. குண்டுப் பின்புறம், அதன்மேல் ஒரு வால், பின்னால் இரண்டு கறுப்புப் பொட்டு. எடுத்த படத்தைப் பார்த்து நாங்கள் நாலு பேரும் வாய்விட்டுச் சிரித்தோம். கூடத்துக்குப் பெட்டிகள் வந்த நாளிலிருந்து அந்தக் கொட்டகையில் கேட்காத சிரிப்பு அது.

படத்தைப் போட்டேன். நீலப் பட்டன் வழக்கம்போலக் கையை நீட்டியது. அதைத் தள்ளிவிட்டு வருவதற்குள் முதல் கேள்வி வந்துவிட்டது. "முன்னாடி என்னங்க இருக்கு?" அடுப்பில் குழம்பு, கையில் கரண்டி. அந்தப் பட்டன் மேலிருந்த கோபத்தில், "வாங்கிப் பாருங்க" என்று ஒரே தட்டாகத் தட்டிவிட்டுப் போய்விட்டேன்.

குழம்பு இறக்கிவிட்டு வந்து பார்த்தால் அங்கே ஒரு பஞ்சாயத்தே நடந்துகொண்டிருந்தது. குதிரை என்றார் ஒருவர். கழுதை என்றார் இன்னொருவர். ஒரு தாத்தா, நிச்சயம் சிங்கம், வால் நுனியில் குஞ்சம் இருக்கிறது பாருங்கள் என்றார். எங்கள் காங்கேயத்து ஆள் ஒருவர், அது கன்றுதான், ஆனால் காங்கேயக் கன்று அல்ல, வால் நீளம் பத்தாது, இப்படி வரைந்து நம் இனத்தைக் கேவலப்படுத்தக் கூடாது என்று பத்தி பத்தியாக எழுதியிருந்தார். அவருக்குக் கழுதை என்று சொன்னவர் பதில் எழுத, இவர் அவருக்குப் பதில் எழுத, அதை வேடிக்கை பார்க்க வந்தவர்கள் தங்கள் ஆட்களையும் கூப்பிட்டு வந்தார்கள். நான் யாருக்கும் விடை சொல்லவில்லை. எல்லோருக்கும் அதே பதில்தான், "வாங்கிப் பாருங்க."

முதலில் வாங்கியவர் மடத்துக்குளத்தில் ஒரு அம்மா. உடுப்பு போய்ச் சேர்ந்ததும் தன் பிள்ளையின் படத்தைத் தன் பக்கத்தில் போட்டார். அவரும் எடுத்தது பின்பக்கம்தான். பின்னால் நெல் வயல், வரப்பில் ஒரு குட்டி வால், உள்ளங்காலில் பொட்டு. கீழே, "முன்னாடி என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேனே!" என்று எழுதியிருந்தார். படத்தைத் தொட்டால் எங்கள் பக்கத்துக்கு வரும்படி கோத்தும் விட்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டு அவர் உறவுக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் வாங்கி, அவர்களும் படம் போட்டார்கள், அவர்களும் சொல்ல மாட்டேன் என்றார்கள். அப்படியே வேலி ஓரத்துக் கொடி மாதிரி அது தன்பாட்டுக்குப் படர ஆரம்பித்தது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஆனால் எல்லாப் பிள்ளையின் உள்ளங்காலிலும் பொட்டு இருந்தது. எந்த ஊராக இருந்தாலும் தாய்க்கு அந்தப் பயம் இருக்கத்தான் செய்கிறது. முகம் காட்டாமல் பிள்ளையின் அழகைக் காட்ட ஒரு வழி கிடைத்ததும் அத்தனை பேரும் சந்தோஷமாகப் பிடித்துக்கொண்டார்கள்.

நானும் மெல்ல மெல்லச் சில விஷயங்களைக் கற்றுக்கொண்டேன். புருசனை வேலைக்கு அனுப்பிவிட்டுத் தாய்மார் ஒரு வாய் காபியோடு உட்காரும் நேரத்தில்தான் படம் போட வேண்டும். விலையைப் படத்திலேயே பெரிய எழுத்தில் எழுதினாலும் "விலை என்ன?" என்று கேட்பார்கள், அதற்காகக் கோபப்படக் கூடாது. நான் கோபப்பட்டேன். "கண்ணாடி போட்டுப் பாருங்க" என்று ஒருவருக்கு எழுதிவிட்டேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு தன் படத்தையே அனுப்பி, "இப்பத் தெரியுதுங்க, ரெண்டு குடுங்க" என்றார். என் வாய்க்குப் பயந்து வியாபாரம் போய்விடும் என்று நினைத்தால், அந்த வாயைக் கேட்கவே ஒரு கூட்டம் வந்தது. பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் நல்ல பேர் வாங்கித் தராத வாய் அது.

என் வீட்டுக்காரருக்கு மட்டும் ஒரு குறை. அத்தனை பேர் பார்க்கிறார்கள், உள்தையலை ஒருவரும் பார்க்கவில்லையே என்று. ஒரு நாள் யாரோ ஒரு அம்மா உடுப்பைத் திருப்பிப் படமெடுத்து, "உள்ளே ஒரு பிசிர் இல்லை, பிள்ளைக்கு உறுத்தவே இல்லை" என்று போட்டிருந்தார். இவர் அந்தப் படத்துக்கு இதயம் போட்டார். மறுபடி தட்டினார், போட்ட இதயம் போய்விட்டது. இன்னொரு தட்டு, வந்தது. ஒன்றுக்குமேல் போட முடியாதா என்று என்னிடம் வந்து கேட்டார். அந்தப் படம் இன்றைக்கும் அவர் போனின் முகப்பில் இருக்கிறது. எங்கள் கல்யாணப் படம் இருந்த இடம் அது.

தீபாவளிக்கு முன்பே கூடத்தில் டி.வி. தெரிந்தது. பெட்டிகள் எல்லாம் போய்விட்டன. புதிய வால்கள் வெட்டினோம். நாலு மெஷினுக்கும் வேலை இருந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் கொட்டகையில் எல்லோருக்கும் பெரியவரின் வண்டி ஞாபகம்தான். தீபாவளி முடிந்ததும் என் வீட்டுக்காரர் மெஷின்களைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

"பெரியவர்கிட்ட ஒரு போன் பண்ணிச் சொல்லுங்களேன்" என்றேன்.

"என்னன்னு சொல்றது? எனக்கு லாபம் வந்துருச்சு, என்ற பேச்ச நானே முழுங்கிட்டேன்னா?"

டெய்லர் பெண்டாட்டி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "யக்கா, கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனா, நாங்க திரும்பி வரணுமா, வேண்டாமா? இப்பவே சொல்லிருங்க." வேறு கம்பெனி அவர்களுக்குக் கிடைக்காமல் போகாது. ஆனால் அந்தப் பிள்ளை இல்லாத கட்டிங் டேபிளை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பெரியவர் வண்டியோடு வருகிறேன் என்று சொன்ன காலையில் நான் சமையலை விட்டுவிட்டுக் கொட்டகைக்கு வந்தேன். டெய்லரை ஒரு மெஷினில் உட்கார வைத்தேன். அவளை ஒன்றில். நான் ஒன்றில். எனக்கு நேர்கோடு தைக்கத்தான் தெரியும், அதையே தைத்துக்கொண்டிருந்தேன். நாலாவதுக்கு ஆள் இல்லை. "நிறுத்தாதீங்க, என்ன ஆனாலும் நிறுத்தாதீங்க" என்று சொல்லிவைத்தேன். என் வீட்டுக்காரருக்குப் புரிந்துவிட்டது. வாசலில் போய் நின்றுகொண்டார்.

வண்டி வந்தது. பெரியவர் உள்ளே வந்து, கடகடவென்று ஓடும் மூன்று மெஷினையும் பார்த்துவிட்டு, வழக்கம்போல ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். டீ வந்தது. குடித்தார். மெஷின் ஓடியது. இன்னொரு டீ வந்தது. மெஷின் ஓடியது. வாசலில் வண்டிக்காரர் ஹாரன் அடித்துப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, இது எப்ப நிக்குமுங்க?"

"நிக்காதுங்க" என்றேன், தலையைத் தூக்காமல்.

"நிக்காட்டி நான் எப்படீங்க எடுக்கறது?"

"அதுதானுங்க எனக்கும் தெரியல."

அந்த நேரம் பார்த்துப் பிள்ளை டேபிளுக்கு அடியிலிருந்து வெளியே வந்து, அவர் செருப்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, வாலைக் காட்டிக்கொண்டு தவழ்ந்து போனது. பெரியவர் கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

"அட, அந்த வால் கடை உங்குளுதுங்களா? எங்கூட்டு மருமவ எந்நேரமும் போன்ல அதைத்தான பாத்துட்டு இருக்கறா! நேத்துக்கூட ஊட்டுல கழுதையா குதிரையான்னு ஒரே சண்டை." குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்து முடித்து, வாசலில் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "தம்பி, ஓடற மெஷின எடுக்கறது என்ற பழக்கமில்லீங்க. ஓடாத அந்த ஒன்னும் சோடி பிரிஞ்சு எனக்கு வேண்டாமுங்க. நானே வேண்டாம்னு சொல்லீட்டனுங்க. மனசுல ஒன்னும் வெச்சுக்காதீங்க."

என் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். பேத்திக்கு ஒரு உடுப்பு வாங்கிக்கொண்டு பெரியவர் கிளம்பினார். நாங்கள் காசு வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. வந்த வண்டி வெறும் வண்டியாகத் திரும்பியது. அதற்கப்புறமும் நான் தைத்துக்கொண்டே இருந்தேன். கால் தன்னால் மிதித்துக்கொண்டிருந்தது. அழுதுகொண்டிருக்கிறேன் என்று அவள் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் தெரிந்தது.

சில நாள் கழித்துப் பெரியவர் வீட்டிலிருந்து ஒரு படம் வந்தது. பேத்தி தவழ்ந்து போகிறாள். அணில் வால், உள்ளங்காலில் பொட்டு, எல்லாம் முறைப்படி. எடுத்த இடம் அவருடைய குடோன். பிள்ளைக்கு இரண்டு பக்கமும் பழைய மெஷின்கள் வரிசை வரிசையாக நின்றன. நான் அதை எங்கள் பக்கத்தில் போட்டேன். அணிலா கீரியா என்று ஒரே ரகளை. பின்னால் இருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் மட்டும் அந்தப் படத்தை விரலால் விரித்து விரித்துப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒரு மெஷினைக் காட்டினார். எங்கள் அடுத்த தெருவில் ஓடிக்கொண்டிருந்த மெஷின் அது, மேசையின் உடைந்த மூலையை வைத்து அவருக்கு அடையாளம் தெரிந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன்மேல் அப்படியே இருந்தன. எங்கள் மெஷின்கள் நாலும் அந்த வரிசையில்தான் நின்றிருக்கும்.

டெய்லர் பெண்டாட்டி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். பிறகு போய் மைச்சிமிழை எடுத்து வந்து, எங்கள் மெஷின் ஒவ்வொன்றின் கழுத்திலும் விரலால் ஒரு பொட்டு வைத்தாள்.

"இதுகளயும் ஊரு பாக்குதுல்லாக்கா" என்றாள்.

எங்கள் தொழிலில் மெஷினில் ஒரு கறை இருந்தால் துணியில் ஒட்டிவிடும், அதனால் தினமும் துடைப்போம். கறை என்றால் என் வீட்டுக்காரருக்கு ஆகவே ஆகாது. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனவர்கள் பனங்கருப்பட்டியோடு திரும்பி வந்துவிட்டார்கள். பிள்ளை இப்போது நடக்கிறது. அவர் இன்றைக்கும் காலையில் எண்ணெய்த் துணியால் நாலு மெஷினையும் துடைக்கிறார், அந்தப் பொட்டுகளை மட்டும் விட்டுவிட்டு.